பழைய எக்ஸ்பியிலிருந்து அச்சடிக்க வேர்ச்சுவல்பொக்ஸ் போதுமா?

வேர்ச்சுவல்பொக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே உருவாக்கி, அதில் வேறோர் இயங்குதளத்தை நிறுவி ஓடவிடும் மென்பொருள். ஜேர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் திறந்த மூலமாக வெளியிட்ட இது, 2008இல் சன் நிறுவனத்திடமும், சன்னை ஒரக்கிள் வாங்கிய 2010இல் ஒரக்கிளிடமும் வந்து சேர்ந்தது. அதன் வேகத்தையும் வசதிகளையும் பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மதிப்பீடு அதை ஒரேயொரு வேலையை வைத்து எடைபோடுகிறது: விண்டோஸ் எக்ஸ்பியை அதற்குள் நிறுவி, அங்கே திறந்த பழைய கோப்பொன்றைத் தாளில் பிசகின்றி அச்சடித்து எடுக்க முடியுமா என்பதே அது. கிளிநொச்சியில் ஒரு சிறிய அச்சகத்தின் கணினி வேலைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எக்ஸ்பி 2001 ஒக்டோபரில் வெளிவந்து, 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்டின் ஆதரவை இழந்த இயங்குதளம். அதை இன்னும் ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கொழும்பில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. எக்ஸ்பியின் மேல் எங்களுக்குத் தனிப் பற்று ஒன்றும் இல்லை. அதில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருள்தான் காரணம். மீள்குடியேற்றத்தை அடுத்து, 2010ஐ ஒட்டிய காலத்தில், இங்கே கடைகள் மறுபடி திறந்தபோது கைக்கெட்டிய விலையில் கிடைத்தவை எக்ஸ்பி போட்ட பாவித்த கணினிகள். அவற்றில் பேஜ்மேக்கர் 7உம் பாமினி எழுத்துருவும் இருந்தன. அன்றிலிருந்து அடித்த கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்), ஆலய விஞ்ஞாபனங்கள், மரண அறிவித்தல்கள், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்கள் எல்லாம் அந்த வடிவிலேயே வட்டுகளில் கிடக்கின்றன. தாய்க்கு 31ஆம் நாள் கல்வெட்டு அடித்த குடும்பம், சில வருடங்கள் கழித்துத் தந்தைக்கும் அடிக்க வரும்போது, "அம்மாவின்ர கல்வெட்டில போட்ட வம்சாவளியை அப்பிடியே போடுங்கோ, புதுசாப் பிறந்த பேரப்பிள்ளையளை மட்டும் சேருங்கோ" என்றுதான் கேட்கும். இடம்பெயர்வில் அல்பங்களையும் உறுதிகளையும் தொலைத்த வீடுகளில், மூதாதையர் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட இடம் அந்தக் கல்வெட்டின் நடுப்பக்கம் மட்டுமாகவும் இருக்கக்கூடும். அந்தக் கோப்பு இப்போது திறக்காது என்று சொல்லி அவர்களைத் திருப்பியனுப்ப முடியாது.

பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. இலத்தீன் எழுத்துகளுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு அது. திரையில் "அம்மா" என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். ஆகவே பழைய கல்வெட்டொன்றை மீட்டு எடுப்பதற்கு அந்த எழுத்துருவும், அந்த மென்பொருளும், அவை இரண்டும் அச்சுப்பொறியுடன் பேசிய முறையும் ஒன்றாக வேண்டும். இன்டிசைனின் சில பழைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் என்றாலும், பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்பி வாடிக்கையாளருக்கு நாள் சொல்ல முடியாது. எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் அப்படியே வேர்ச்சுவல்பொக்ஸ் உருவாக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் குடியேற்றுவதுதான் நேரான வழி. மேலே சொன்ன மூன்றில் முதல் இரண்டையும் வேர்ச்சுவல்பொக்ஸ் சிறப்பாகக் காப்பாற்றித் தருகிறது. மூன்றாவதை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எக்ஸ்பிக்கு 512 எம்பி நினைவகமும் 10 ஜிபி வட்டும் தாராளம். இயந்திரத்தை உருவாக்கும்போது எக்ஸ்பி என்று தெரிவு செய்தால் வட்டுக்கு ஐடிஇ இணைப்பைத் தானே வைத்துக்கொள்ளும். வேகம் கிடைக்கும் என்று அதை ஸாட்டாவுக்கு மாற்றக் கூடாது, ஏனென்றால் எக்ஸ்பியின் நிறுவல் தட்டில் அதற்குரிய டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், கிடையாது. 2019 இறுதியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, செயலியின் மெய்நிகராக்க வசதி இல்லாமல் வேர்ச்சுவல்பொக்ஸ் ஓடுவதே இல்லை. பாவித்த கணினிகளில் அந்த வசதி செயலியில் இருந்தும், கணினியின் தொடக்க அமைப்பான பயோஸில் அணைக்கப்பட்டிருப்பது உண்டு. கடையிலேயே பயோஸைத் திறந்து பார்த்து வாங்குவது நல்லது. வேர்ச்சுவல்பொக்ஸை ஓட்டும் வெளிக் கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்து, அதில் மைக்ரோசொஃப்டின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை தோன்றும். நகைச்சுவை உணர்வுள்ள யாரோ வைத்த அடையாளம் அது. அந்த ஆமை தெரிந்தால் எக்ஸ்பியும் அதன் நடையில்தான் நடக்கும்.

இனி அச்சு. வேர்ச்சுவல்பொக்ஸின் அமைப்புப் பக்கத்தில் திரை, ஒலி, வலையமைப்பு, சீரியல் போர்ட், யூஎஸ்பி, பகிர்வுக் கோப்புறை எல்லாவற்றுக்கும் தலைப்புகள் உண்டு. அச்சுப்பொறி என்று ஒரு தலைப்பு இல்லை. வெளிக் கணினியில் எத்தனை அச்சுப்பொறிகள் இணைக்கப்பட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. இலவசமாகத் தரப்படும் ஒரு மென்பொருளிடம் இதை எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், ஒலிக்கும் திரைக்கும் இவ்வளவு மெனக்கெட்டவர்கள் அச்சுக்கும் ஒரு வழி வைத்திருக்கலாம் என்பதே என் பதில். பழைய இயங்குதளத்தை இன்று வைத்திருப்பவர்களில் கணிசமானோர் ஏதோ ஒரு தாளை வெளியே எடுப்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். வழிகளை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவை எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

யாருக்கும் முதலில் தோன்றுவது யூஎஸ்பி அச்சுப்பொறியை அப்படியே எக்ஸ்பியிடம் ஒப்படைப்பது. யூஎஸ்பி பட்டியலில் அச்சுப்பொறியின் பெயரைத் தெரிவு செய்தால், அது வெளிக் கணினியிலிருந்து கழன்று உள்ளே போய்ச் சேரும். லினக்ஸ் பாவிப்பவர்கள் தங்கள் கணக்கை வேர்ச்சுவல்பொக்ஸின் யூஎஸ்பிப் பயனர் குழுவில் சேர்க்காவிட்டால் அந்தப் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும். எக்ஸ்பியில் யூஎஸ்பி 3க்கு டிரைவர் இல்லாததால் 2.0 கட்டுப்பாட்டியையே வைக்க வேண்டும். இந்த வழி வேலை செய்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் அச்சுப்பொறி இருக்க முடியும்: எக்ஸ்பியிடம் இருக்கும்வரை, வெளியே வேர்டில் கடிதம் தட்டச்சுச் செய்துகொண்டிருப்பவருக்கு அது இல்லை. அச்சுப்பொறி ஒன்று மட்டும் உள்ள கடையில் நாளுக்குப் பலமுறை இதைக் கழற்றிப் பூட்டுவது எரிச்சலூட்டும். அதைவிடப் பெரிய தடை, எக்ஸ்பிக்கு டிரைவர் வேண்டும் என்பது. இன்று விற்கப்படும் மலிவான லேசர் அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு எக்ஸ்பி டிரைவர் வெளியிடப்படுவதில்லை. அவற்றில் பல, பக்கத்தை வரையும் வேலையை முழுவதும் கணினியின் தலையில் போட்டுவிட்டுத் தங்கள் சொந்த மொழியில் மட்டும் பேசுபவை என்பதால், பொதுவான டிரைவர் ஒன்றைப் போட்டு ஏமாற்றவும் முடியாது. வாங்கும்போது பெட்டியில் பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான அச்சு மொழிகளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே பெறுமதியான பழக்கம்.

வெளிக் கணினியில் விண்டோஸ் இருந்தால், அச்சுப்பொறியை வலையமைப்பில் பகிர்ந்து எக்ஸ்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அது சரியான ஆலோசனை. வலையமைப்பில் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையில் எக்ஸ்பிக்குத் தெரிந்தது முதலாம் பதிப்பு மட்டுமே. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய வன்னாக்ரை என்ற தீநிரல் புகுந்தது அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான். ஆதரவை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ட் அப்போது அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. கணக்குவழக்கும் வாடிக்கையாளர் கோப்புகளும் உள்ள கணினியில் அதை மறுபடி திறந்துவிடச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வலையமைப்பில் இணைக்கக்கூடிய, பிசிஎல் பேசும் லேசர் அச்சுப்பொறி வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. எக்ஸ்பியில் டிசிபி/ஐபி போர்ட் ஒன்றை உருவாக்கி, அச்சுப்பொறியின் முகவரியையும் 9100 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்து, எக்ஸ்பியுடன் கூடவே வரும் பழைய எச்பி லேசர்ஜெட் 4 டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் அச்சு வந்துவிடும். லினக்ஸை வெளிக் கணினியாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு. லினக்ஸின் கப்ஸ் அச்சுச் சேவை 631ஆம் போர்ட்டில் ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறையைப் பேசுகிறது. எக்ஸ்பிக்கும் அது தெரியும். வேர்ச்சுவல்பொக்ஸில் வெளிக் கணினியுடன் மட்டும் பேசும் வலையமைப்பைத் தெரிவு செய்தால், வெளிக் கணினி வழக்கமாக 192.168.56.1 என்ற முகவரியில் நிற்கும். கப்ஸில் பகிர்வை அனுமதித்து, அந்த முகவரியை எக்ஸ்பியின் இணைய அச்சுப்பொறியாகச் சேர்த்துவிடலாம். எக்ஸ்பி இணையத்துக்குப் போகாமலே அச்சடிக்கிறது என்பது இதன் பெரிய நன்மை. எந்த வழியைப் பிடித்தாலும் எக்ஸ்பிக்கு இணையத்தைக் காட்டாமல் வைத்திருப்பதே நல்லது. கல்வெட்டு அடிக்க அதற்கு இணையம் எதற்கு?

இவற்றையெல்லாம் விட எங்கள் அச்சகத்தில் நிலைத்தது, எக்ஸ்பிக்கு அச்சுப்பொறியே கொடுக்காத வழி. எக்ஸ்பி அச்சடிப்பதாக நினைத்துக்கொண்டு போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றை எழுதும். அந்தக் கோப்பு பகிர்வுக் கோப்புறை வழியாக வெளிக் கணினிக்கு வரும். அங்கே கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக்கும். பிடிஎஃப் எந்த அச்சுப்பொறியிலும், அச்சுத் தட்டு எடுப்பவரின் இயந்திரத்திலும் போகும். அச்சுப்பொறியை மாற்றினாலும் எக்ஸ்பிக்குள் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. பேஜ்மேக்கரின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. 1985இல் அல்டஸ் நிறுவனம் அதை வெளியிட்டபோது, ஆப்பிளின் லேசர்ரைட்டரும் போஸ்ட்ஸ்கிரிப்டும் சேர்ந்துதான் மேசைப் பதிப்புத் தொழிலையே உருவாக்கின. 1994இல் அல்டஸை வாங்கிய அடோபிதான் போஸ்ட்ஸ்கிரிப்டை உருவாக்கிய நிறுவனமும். ஆகவே வெட்டுக்குறிகளும் நிறப்பிரிப்பும் இந்த வழியில்தான் முழுமையாக வருகின்றன.

இதற்குத் தேவையான டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். எக்ஸ்பியில் அச்சுப்பொறி சேர்க்கும் சாளரத்தில் உற்பத்தியாளர் பட்டியலில் "ஜெனரிக்" என்பதைத் தெரிவு செய்தால், "எம்எஸ் பப்ளிஷர் கலர் பிறின்டர்" என்ற பெயர் வரும். எந்த அச்சுப்பொறிக்கும் உரியதல்லாத, வெறும் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதும் டிரைவர் அது. போர்ட்டாகக் கோப்பு என்பதை வைக்கலாம். ஆனால் எக்ஸ்பி அப்போது காட்டும் சின்னஞ்சிறு பெட்டியில் கோப்புறையைத் தேடும் பொத்தான்கூட இல்லை, முழுப் பாதையையும் கையால் தட்டச்சுச் செய்ய வேண்டும். உள்ளூர்ப் போர்ட் ஒன்றை உருவாக்கி அதற்குப் பெயராக ஒரு கோப்பின் பாதையையே கொடுத்துவிடவும் முடியும். ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும் என்பது அதில் உள்ள ஆபத்து. பேஜ்மேக்கர் பாவிப்பவர்களுக்கு இரண்டும் தேவையில்லை. அதன் அச்சுச் சாளரத்தின் தெரிவுகள் பக்கத்திலேயே போஸ்ட்ஸ்கிரிப்டைக் கோப்பில் எழுதச் சொல்லும் கட்டம் இருக்கிறது. அங்கே பகிர்வுக் கோப்புறையைக் காட்டிப் பெயர் கொடுத்தால் முடிந்தது. பகிர்வுக் கோப்புறை வேலை செய்ய, வேர்ச்சுவல்பொக்ஸுடன் வரும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைப் பொதியை எக்ஸ்பிக்குள் நிறுவியிருக்க வேண்டும். விண்டோஸ் 98க்கு அது கிடையாது. அதை வைத்திருப்பவர்கள், மெய்நிகர் சீரியல் போர்ட்டின் வெளியீட்டை வெளிக் கணினியில் கோப்பாக எழுதவைக்கும் தெரிவைப் பார்க்கலாம்; கொம்1 போர்ட்டுக்கு அச்சடித்தால் அது கோப்பாக வெளியே விழும்.

எழுத்துருவில் கவனம் வேண்டும். டிரைவரின் மேம்பட்ட தெரிவுகளுக்குள் போனால், ட்ரூடைப் எழுத்துருவை அச்சுப்பொறியின் சொந்த எழுத்துருவால் மாற்றவா, அல்லது கோப்புடன் சேர்த்து அனுப்பவா என்று ஓர் இடம் இருக்கும். சேர்த்து அனுப்பு என்பதையே வைக்க வேண்டும். பாமினியின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால், தேவாரத்தின் இடத்தில் இலத்தீன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கும். அதற்குக் கீழே, எழுத்துருவை எந்த வடிவில் அனுப்புவது என்ற தெரிவு. தானியங்கி என்று விட்டால் சிறிய எழுத்துகள் புள்ளிப்படமாகப் போகக்கூடும். அப்படிப் போனவை 600 புள்ளி லேசரில் ஓரளவு தப்பிவிடும், தட்டுக்குப் போகும்போது "ண", "ணை" போன்றவற்றின் சுழிகளில் படிக்கட்டு தெரியும். வெளிக்கோடு என்பதைத் தெரிவு செய்தால் கோடுகள் வழுவழுப்பாக வரும். வெளியீட்டு முறையை வேகத்துக்காக வைக்காமல் எங்கும் கொண்டுபோகத்தக்கதாக வைப்பதும் அவசியம். அந்தக் கோப்பைத் திறக்கப்போவது இன்னொரு கணினியின் இன்னொரு மென்பொருள் அல்லவா.

இன்னொன்று பேஜ்மேக்கருக்கே உரிய குணம். எந்த அச்சுப்பொறிக்காகப் பக்கம் அமைக்கப்பட்டது என்பதை அது ஆவண அமைப்பில் நினைவு வைத்திருக்கும். பழைய அச்சுப்பொறியின் பெயருடன் சேமித்த கோப்பைப் புதிய டிரைவர் உள்ள எக்ஸ்பியில் திறந்து, புதியதற்கு ஏற்ப மறுபடி அடுக்கச் சம்மதித்தால், சொற்களின் இடைவெளி மயிரிழையளவு மாறும். உரைநடையில் அது கண்ணுக்குத் தெரியாது. கல்வெட்டின் முன்பக்கத்தில் வரும் திதி வெண்பாவில் தெரியும்: கட்டத்துக்குள் இறுக்கமாக நின்ற அடியின் கடைசிச் சீர் கீழே இறங்கி, நான்கடி வெண்பா ஐந்து வரியாகிவிடும். பழைய அச்சுப்பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடாமல் பிடிஎஃப்பை வெளியே அனுப்பக் கூடாது. தாளின் அளவும் அப்படியே. எக்ஸ்பியை அமெரிக்க அமைப்பில் நிறுவியிருந்தால் டிரைவர் லெட்டர் அளவில் நிற்கும், அதை ஏ4 ஆக்க வேண்டும். வெளியே பிடிஎஃப்பை அச்சடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை எடுத்துவிட்டு உண்மை அளவில் அச்சடிக்க வேண்டும். இரண்டு அமைப்புகளில் ஒன்று தவறினாலும் ஏ5 கல்வெட்டின் மடிப்பு நடுவில் விழாது.

கிடைக்கும் பிடிஎஃப் பார்வைக்குக் குறையற்றது. பாமினி அதற்குள்ளேயே பொதிந்திருப்பதால் கனடாவிலிருக்கும் உறவினரின் கைத்தொலைபேசியிலும் அப்படியே தெரியும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தமிழில் தட்டச்சுச் செய்து தேடினால் கிடைக்காது. பிரதியெடுத்து ஒட்டினால் இலத்தீன் எழுத்துகள்தான் வரும். இதற்கு வேர்ச்சுவல்பொக்ஸைக் குறை சொல்வது நியாயமல்ல. எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் வேலை வேறு.

இந்த வழிக்குள் அடங்காத ஒரு வேலை டொட் மெட்ரிக்ஸ். முறிகண்டிப் பக்கத்தில் அரிசி ஆலை நடத்தும் உறவினர் ஒருவரிடம், நெல் வாங்கும்போது மூட்டை எண்ணிக்கை, எடை, ஈரப்பதம், விலை எல்லாவற்றையும் போட்டு மூன்று பிரதிப் பற்றுச்சீட்டு அடிக்கும் டொஸ் காலத்து மென்பொருள் இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. 32 பிட் எக்ஸ்பியில் இன்னும் ஓடுகிறது. அது எல்பிடி1 என்ற பழைய போர்ட்டைத் தவிர வேறொன்றையும் அறியாது. அச்சுப்பொறியுடன் அது நேரடியாக எப்சனின் கட்டளை மொழியில் பேசுவதால், நடுவில் போஸ்ட்ஸ்கிரிப்ட் வைக்கவே முடியாது. ஊசி தாளில் குத்தினால்தான் கீழே உள்ள இரண்டு பிரதிகளிலும் எழுத்து விழும் என்பதால் லேசரும் உதவாது. இங்கே யூஎஸ்பி ஒப்படைப்புத்தான் சரியான வழி. பழைய 25 ஊசிக் கேபிளை யூஎஸ்பிக்கு மாற்றும் கம்பியைப் போட்டாலும் எக்ஸ்பி அதை யூஎஸ்பி அச்சுப்பொறியாகவே காணும். எப்சன் எல்கியூ வரிசை டிரைவர்கள் பல எக்ஸ்பியுடன் கூடவே வருவதால் தேடல் மிச்சம். அச்சுப்பொறியை எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு பெயரில் பகிர்ந்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1ஐ அந்தப் பெயருக்குத் திருப்பிவிட்டால், டொஸ் மென்பொருள் தான் பழைய போர்ட்டுக்கே எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதும். மெய்நிகர் வலையமைப்பு அட்டையை முழுவதும் அணைத்துவிட்டால் இந்தத் திருப்பல் நடக்காது. வெளிக் கணினியுடன் மட்டும் பேசும் வலையமைப்பு இதற்கும் போதும்.

அங்கே ஒரு யூஎஸ்பி வடிகட்டியும் அமைக்க வேண்டும். எக்ஸ்பி தொடங்கும்போதும், அச்சுப்பொறியை அணைத்துப் போடும்போதும் யாரும் பட்டியலைத் திறக்காமலே அது உள்ளே போய்ச் சேருவது அந்த வடிகட்டியால்தான். காலபோக அறுவடைக் காலத்தில் தராசுக்கு முன் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது, பற்றுச்சீட்டு எழுதும் பிள்ளையிடம் போய் மெய்நிகர் இயந்திரத்தின் பட்டியலைத் திற என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் அபிப்பிராயத்தில், ஆலையின் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை அதையே ஓடவிட்டு, மெய்நிகர் இயந்திரத்தைத் தயாராகப் பக்கத்தில் வைத்திருப்பதே புத்தி. வினாடிக் கணக்கில் சீட்டு வேண்டியிருக்கும் இடத்தில் அடுக்குகளைக் கூட்டுவது நல்லதல்ல.

இதே வேலைக்கு, வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வேர்க்ஸ்டேஷனையும் சொல்ல வேண்டும். வெளிக் கணினியின் அச்சுப்பொறிகளை உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தனி டிரைவர் இல்லாமலே காட்டும் மெய்நிகர் அச்சுப்பொறி வசதி அதில் உண்டு. அமைப்பில் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரிலிருந்து வணிகப் பாவனைக்கும் அது இலவசம். அச்சு ஒன்றையே பார்த்தால் அது முந்துகிறது. ஏ4 தாளில் ஒரு கடிதமோ கணக்கறிக்கையோ எடுக்க வேண்டியவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். அச்சகத்துக்கு அப்படி அல்ல. வெட்டுக்குறியும் நிறப்பிரிப்பும் வேண்டுமானால் எப்படியும் போஸ்ட்ஸ்கிரிப்டுக்குத்தான் வர வேண்டும், வந்துவிட்டால் இரண்டு மென்பொருள்களுக்கும் வேறுபாடு இல்லை.

விலையைப் பொறுத்தவரை, வேர்ச்சுவல்பொக்ஸின் அடிப்படைப் பொதி ஜிபிஎல் உரிமத்தில் வருவது; கடையிலும் தாராளமாகப் பாவிக்கலாம். எக்ஸ்டென்ஷன் பெக் என்ற கூடுதல் பொதிக்கு வேறு உரிமம்: வீட்டுப் பாவனைக்கும் கல்விக்கும் இலவசம், தொழிலுக்குக் கட்டணம். முன்பு யூஎஸ்பி 2.0 வேண்டுமென்றால் அந்தப் பொதி தேவைப்பட்டதால், யோசிக்காமல் அதையும் சேர்த்து நிறுவுவது பழக்கமாகிவிட்டது. 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2.0உம் 3.0உம் அடிப்படைப் பொதிக்குள்ளேயே வந்துவிட்டன. ஆகவே அச்சகங்களும் ஆலைகளும் கூடுதல் பொதியைத் தொடாமலே மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யலாம். எக்ஸ்பிக்கு மட்டும் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும்; பழைய கணினியின் பெட்டியில் ஒட்டி வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மின்சாரம் இங்கே எப்போதும் ஒரு கேள்விதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் விளக்கு மினுங்குவது நின்றுவிடவில்லை. யூபிஎஸ் கூவத் தொடங்கியதும், எக்ஸ்பியை அணைக்காமல் அதன் நிலையைச் சேமித்து மூடிவிடும் வசதி வேர்ச்சுவல்பொக்ஸில் உண்டு. அடுத்த முறை திறக்கும்போது பேஜ்மேக்கரில் கடைசியாக நின்ற எழுத்திலேயே நிற்கும். பழைய கணினியில் இது கிடைத்திருக்கவில்லை, இதற்காக மட்டுமே மெய்நிகர் இயந்திரத்துக்கு மாறுபவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். யூஎஸ்பி அச்சுப்பொறி உள்ளே இருந்து, வரிசையில் வேலையும் இருக்கும்போது மட்டும் இப்படிச் சேமிக்காமல், அச்சு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எக்ஸ்பி முழுவதும் ஒரே வட்டுக்கோப்பாக இருப்பதால் அதை வெளி வட்டில் பிரதியெடுத்து வைப்பது எளிது. ஆனால் பகிர்வுக் கோப்புறையின் பாதை, யூஎஸ்பி வடிகட்டி, வலையமைப்புத் தெரிவு ஆகியன அந்த வட்டுக்கோப்புக்குள் இல்லை. இயந்திரத்தின் அமைப்புக்கோப்பு என்ற சிறிய தனிக் கோப்பில் இருக்கின்றன. வட்டுக்கோப்பை மட்டும் கொண்டுபோய் வேறொரு கணினியில் திறந்தால் எக்ஸ்பி எழும்பும், பேஜ்மேக்கர் திறக்கும், கல்வெட்டும் திறக்கும், அச்சு மட்டும் எங்கேயும் போகாது. ஆகவே இயந்திரத்தின் கோப்புறையை முழுமையாகப் பிரதியெடுத்து, இன்னொரு கணினியில் அதைத் திறந்து, ஒரு பக்கத்தையாவது தாளில் எடுத்துப் பார்த்த பிறகே பழைய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம்.